'நாளைக்கு'ன்னா நாலு நாள்!

திருப்பூரில் சுவர்கள் பேசும். 'டெய்லர்கள் தேவை', 'செக்கிங் பெண்கள் தேவை', 'கைமடிக்கு ஆட்கள் தேவை, தங்க இடம் இலவசம்'... ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு நோட்டீஸாவது உங்களை வேலைக்குக் கூப்பிடும். இப்போது ஹிந்தியிலும் கூப்பிடுகிறார்கள். பீகார், ஒடிஸா, ஜார்கண்ட் என்று ரயிலேறி வந்து இறங்குகிறவர்களுக்காக. 'வேலை காலி இல்லை' போர்டுகளைப் பார்த்தே பி.காம். பட்டத்துக்கு ஃப்ரேம் போட்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஊர் ஓர் அதிசயம். ராத்திரி சென்னையில் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியற்காலையில் தட்டி எழுப்பி இந்த அதிசயத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

இப்படி ஆள் ஆள் என்று அலறுகிற ஊரிலிருந்து ஒரு நண்பன் போன் பண்ணி, "ஆட்டோமேஷன் பண்ணிட்டோம் மாப்ளே, வந்து பாரு" என்றால் போகாமல் இருக்க முடியுமா?

நண்பன் என்னுடன் கோவையில் பி.காம். படித்தவன். கடைசி பெஞ்ச். நான் எழுத வந்தேன், அவன் பனியனுக்குப் போனான். (யார் பிழைக்கத் தெரிந்தவன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) அப்பா விட்டுப்போன 40 தையல் மெஷினோடு ஆரம்பித்தவன், இப்போது 220 மெஷின் வைத்திருக்கிறான். ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறான்.

நான் ரோபோவை எதிர்பார்த்துப் போனேன். இரும்புக் கை நீண்டு வந்து துணியை எடுக்கும், சரக் சரக்கென்று தைக்கும், மடித்து டப்பாவில் வைக்கும் என்றெல்லாம் கற்பனை. கம்பெனிக்குள் போனால் வழக்கம்போல பவர் டேபிளில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் கடகடத்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் இளையராஜா. "எங்கேடா ஆட்டோமேஷன்?" என்றேன். மாடிக்குக் கூட்டிப்போனான். ஓர் அறை, ஒரு லேப்டாப், அதன் முன்னால் இருபத்து நாலு இருபத்தைந்து வயசில் ஒரு பெண். சுவர் முழுக்க காலண்டர்களின் பின்பக்கங்களை ஒட்டி, பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தது.

"இதான்" என்றான் பெருமையாக.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

* * *

அந்தக் காலண்டர் தாள்கள் புரிய வேண்டுமென்றால் ஊரைச் சுற்ற வேண்டும். "அப்புச்சி கூட வண்டியில போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தான்.

அப்புச்சி அந்தக் கம்பெனியின் ஃபாலோ-அப் ஆள். வயது அறுபத்திரண்டு. சொந்தப் பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. ஓனரிலிருந்து கைமடிப் பையன்வரை எல்லோருக்கும் அப்புச்சிதான். நண்பனின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கைப்பையில் டி.சி. புத்தகம். அதாவது டெலிவரி சலான். பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க தம்பி. ரோட்டுல குழி இருக்கறது எனக்குத் தெரியுமுங்க, வண்டிக்குத் தெரியாது."

திருப்பூரின் விசேஷமே, அங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்கு அடியில் பிறப்பதில்லை என்பதுதான். எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிற பெரிய மில்கள் உண்டு. ஆனால், ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. நூல் மில்லிலிருந்து வரும். அது நிட்டிங்காரரிடம் போய் கிரே துணியாகும். அங்கிருந்து டையிங். அப்புறம் காம்பாக்டிங். படம் போட வேண்டுமென்றால் பிரிண்டிங். அப்புறம்தான் கம்பெனிக்கு வந்து கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்ன், பேக்கிங். காஜா பட்டனுக்கு மட்டும் இன்னொரு தெரு. டி-ஷர்ட் ஐரோப்பாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் திருப்பூரையே ஒரு முறை பிரதட்சணம் வந்துவிடுகிறது!

நாங்களும் வந்தோம். ராயபுரம் பக்கம் ஒரு நிட்டிங். வட்ட மெஷின்கள் சுற்றச் சுற்ற, துணி குழாய் மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பஞ்சு பறந்து ஆபரேட்டரின் தலைமுடிக்கு நரை போட்டிருந்தது. அப்புச்சி எடைச் சீட்டை வாங்கினார், ஒரு ரோலைத் தட்டிப் பார்த்தார், கிளம்பினோம். நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது கைக்குட்டையைத் தேடினேன். "இப்ப எவ்வளவோ தேவலைங்க" என்றார்.

நொய்யல் கதை தெரிந்ததுதான். சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, கீழே 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயத் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. "அந்த வருசம் டையிங்குக்குத் துணியைத் தூக்கிட்டு நான் போகாத ஊரில்லைங்க" என்றார் அப்புச்சி. அன்றைக்குக் கட்டிய சுத்திகரிப்பு நிலையங்களின் செலவும் சேர்ந்துதான் இன்றைக்கு டையிங் ரேட். அதனால்தான் ஒரு லாட் தப்பான கலரில் போய்விட்டால் நண்பனுக்கு நெஞ்சு வலிக்கிறது.

வீரபாண்டி பக்கம் ஒரு டையிங்கில் நின்றோம். ஈரச் சூடு. மேனேஜர், "நாளைக்குக் கொடுத்துடறோம் அப்புச்சி" என்றார். அப்புச்சி புத்தகத்தில் எழுதிக்கொண்டதை எட்டிப் பார்த்தேன். இன்றைய தேதியிலிருந்து நாலு நாள் தள்ளிப் போட்டிருந்தார்.

"நாளைக்குன்னாரே?"

"இவருக்கு நாளைக்குன்னா நாலு நாளுங்க. அக்கட்டால இன்னொருத்தர் இருக்காரு, அவருக்கு நாளைக்குன்னா நாளைக்கேதான். ஆனா 'பார்க்கலாம்'னு சொல்லிப்போட்டாருன்னா ஒரு வாரம்."

இந்த டிக்‌ஷனரி உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. கம்ப்யூட்டர் பெண்ணுக்கு அதுதான் தலைவலி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

* * *

40 மெஷின் இருந்தவரை கம்பெனி முழுவதும் நண்பனின் தலைக்குள் இருந்தது. எந்தத் துணி எங்கே நிற்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எது லேட்... எல்லாம் மனப்பாடம். 100 மெஷின் ஆனபோது தலை போதாமல் நோட்டுக்கு வந்தது. நோட்டு எக்செல் ஆனது. எக்செல் ஏழு எக்செல் ஆனது. ஏழும் ஏழு விதமாகப் பேசின. ஒரு நாளைக்கு ஒரு ஆர்டருக்காக மட்டும் எத்தனை போன் போகிறது என்று மெர்ச்சண்டைசரை எண்ணச் சொல்லியிருக்கிறான். 31. அதில் 26 போன், 'வந்துடுச்சா?' என்பது மட்டும்தான்!

உங்கள் ஆபீஸிலும் இப்படித்தான் சார். 'பைல் எங்கே இருக்கு?' என்று கேட்பதற்கே சம்பளம் வாங்குகிற ஒருவராவது இருப்பார்.

அந்தப் பெண் வந்ததும் முதல் மூன்று வாரம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லையாம். காலண்டர் தாளும் பேனாவுமாக கம்பெனியைச் சுற்றியிருக்கிறாள். 'ஆர்டர் மெயில் வந்ததும் என்ன செய்வீங்க? அதுக்கப்புறம்? யார் கிட்ட கேப்பீங்க? அவங்க இல்லாட்டி?' இதே நாலு கேள்வி. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நம்மில் பலர் முதலில் சாஃப்ட்வேரை வாங்கிவிட்டு, அப்புறம்தான் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரிக்கிறோம்.

விஷயம் காமர்ஸ்காரர்களுக்குச் சுலபம். ரசீது வந்தால் குறிப்பேடு, அங்கிருந்து பேரேடு, அங்கிருந்து இருப்பாய்வு. ஒன்று நடந்தால் அடுத்தது தானாக நடக்க வேண்டும். அதே கதைதான். 'எப்போது?' என்று ஒரு கட்டம். 'அப்போது என்ன?' என்று அடுத்த கட்டம். நடுவில் 'இப்படியானால் அந்தப் பக்கம், இல்லையானால் இந்தப் பக்கம்' என்று ஒரு பிரிவு. ஜாப்பியர், ஸோஹோ ஃப்ளோ, எண்-எய்ட்-எண் என்று இதற்கென்றே சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. கோடு எழுதத் தெரியாதவர்கள்கூட, ஸ்கிரீனில் கோடு போட்டுக் கட்டங்களை இணைத்துவிடலாம்.

பையரின் ஆர்டர் மெயில் வருகிறது. ஸ்டைல், கலர், எண்ணிக்கை, ஷிப்மெண்ட் தேதி எல்லாம் ஒரு ஷீட்டில் போய் உட்காருகிறது. ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களைக் கழித்து, இந்தத் தேதிக்குள் நூல், இந்தத் தேதிக்குள் டையிங் என்று தானே ஓர் அட்டவணை போடுகிறது. ஒரு பீஸின் எடையை எண்ணிக்கையால் பெருக்கி, சேதாரம் சேர்த்து எத்தனை கிலோ நூல் என்று சொல்கிறது. தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஓனரின் செல்போனுக்கு 'சரியா, வேண்டாமா?' என்று இரண்டு பட்டன். சரியை அமுக்கினால்தான் மில்லுக்கு ஆர்டர் போகும். நிட்டிங்காரருக்கு டி.சி.யும் வாட்ஸ்அப்பும் ஒன்றாகப் போகின்றன. அவர் 'முடிந்தது' பட்டனை அமுக்கினால் டையிங்கின் கட்டம் விழித்துக்கொள்கிறது. துணி திரும்பி வரும்போது போன எடையையும் வந்த எடையையும் ஒப்பிட்டு, அனுமதித்த சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் சிவப்பு.

எனக்குக் கண் விரிந்தது இதிலெல்லாம் இல்லை, டி.சி.யில்தான். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பின அன்றைக்கே அதை விற்றுவிட்டதாகக் கணக்கு. வரி கட்டு! ஒவ்வொரு டி.சி.க்கும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பத்தாவது மாதம் முடிந்தால் மணி அடிக்கிறது. அதே போலத்தான் ஜாப் ஒர்க்காரர்களின் பில்லும். 2023-ல் வந்த வருமான வரித் திருத்தத்துக்குப் பிறகு, குறு, சிறு தொழில் செய்கிறவர்களுக்குத் தர வேண்டியதை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தந்துவிட வேண்டும். இழுத்தடித்து வருஷக் கடைசியைத் தாண்டினால் அந்த வருஷத்துச் செலவாகக் காட்ட முடியாது. இதையும் ஒரு கட்டம் பார்த்துக்கொள்கிறது. எத்தனை ஆடிட்டர்களின் மார்ச் மாதத் தூக்கம் இதில் அடங்கியிருக்கிறது தெரியுமா?

கஷ்டங்களும் இல்லாமல் இல்லை. ஒரு தடவை நெட் பாதியில் போய் வந்ததில், சாஃப்ட்வேர் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதலிலிருந்து தொடங்கி, ஒரே நூலை இரண்டு முறை ஆர்டர் பண்ணிவிட்டது. அதிலிருந்து, 'இந்த ஆர்டருக்கு ஏற்கெனவே நூல் சொல்லியாச்சா?' என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். இன்னொரு தடவை ஒரு மில், தன் இன்வாய்ஸின் வடிவத்தை மாற்றிவிட்டது. சாஃப்ட்வேருக்குப் படிக்கத் தெரியவில்லை. சத்தம் போடாமல் நின்றுவிட்டது. தகவல் ஒன்றும் வராததால், பிரச்னை ஒன்றும் இல்லை என்று மூன்று நாள் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்கிற அர்த்தத்தில் ஒரு மெசேஜ் வருகிறது. அது வராவிட்டால்தான் ஓடுகிறார்கள்.

* * *

ஆனால், கம்பெனியில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்த சனிக்கிழமை ராத்திரியைத்தான்.

துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன், டையிங் லேபில் துளித் துளி துணியில் ஏ, பி, சி என்று இரண்டு மூன்று ஷேடு போட்டு பையருக்கு அனுப்புவார்கள். லேப் டிப் என்று பெயர். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'அப்ரூவ்டு' என்று மெயில் போட்டால்தான் தொட்டியில் துணி இறங்கும். அந்தப் பெண் இதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தாள். பையரின் மெயிலில் 'அப்ரூவ்டு' என்ற வார்த்தை வந்தால், டையிங்குக்கு 'ஆரம்பிக்கலாம்' என்று வாட்ஸ்அப்.

பையரின் மெயில் வந்தது. 'ஏ, பி இரண்டும் நாட் அப்ரூவ்டு. மறுபடி அனுப்பவும்.'

சாஃப்ட்வேர் 'நாட்'டைப் பார்க்கவில்லை. 'அப்ரூவ்டு'வைப் பார்த்தது!

திருப்பூரில் சனிக்கிழமை என்பது சம்பள நாள். சாயங்காலத்துக்கு மேல் ஆபீஸில் யாருக்கும் தலையைத் தூக்க நேரம் இருக்காது. கவரை வாங்கினவர்கள் கடைவீதிக்கும் பரோட்டாக் கடைக்கும் போயாகிவிட்டது. மெர்ச்சண்டைசர் பையன் செகண்ட் ஷோவில். இரண்டு டன் கிரே துணி, நேவி ப்ளூ. டையிங்கில் ராத்திரி ஷிப்ட்காரர் மெசேஜைப் பார்த்துவிட்டுத் துணியை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். சாயம் ஏறியிருந்தால் நேவியை வெளுத்து வேறு கலர் ஆக்குவதெல்லாம் ஆகாத காரியம். புது நூல் வாங்கி, நிட்டிங் பண்ணி, கப்பலைக் கோட்டைவிட்டு ஏரோப்ளேனில் அனுப்ப வேண்டும். அந்த வருஷ லாபம் அதில் போயிருக்கும் என்றான் நண்பன். கடன் வாங்கி புது மெஷின் இறக்கின வருஷம் வேறு.

அப்புச்சிக்கும் அந்த மெசேஜின் காப்பி போகும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் படித்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டு டையிங்குக்குப் போன் போட்டு, "இறக்கிப் போடுங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

"எப்படிங்கய்யா சந்தேகம் வந்தது?"

"சந்தேகமெல்லாம் இல்லீங்க தம்பி. அந்த பையரு மொதத் தடவையில ஓகே சொன்னதே கெடையாதுங்க. ரெண்டாவது தடவையும் மொகத்தைச் சுளிப்பாரு. மூணாவதுலதான் இறங்கி வருவாரு. வியாழக்கிழமை அனுப்புன லேப் டிப்புக்கு சனிக்கிழமை ஓகேன்னா... அது அவரு இல்லீங்க."

திங்கட்கிழமை அந்தப் பெண் ராஜிநாமா கடிதத்தோடு வந்தாளாம். நண்பன் அதை வாங்கிக் கிழித்துவிட்டு, காலண்டர் தாளில் லேப் டிப் கட்டத்துக்கும் டையிங் கட்டத்துக்கும் நடுவில் தானே பேனாவால் ஒரு வட்டம் வரைந்தான். வட்டத்துக்குள் 'அ' என்று ஓர் எழுத்து. அப்புச்சி செல்போனில் பட்டனை அமுக்கும்வரை அந்த இடத்தைத் தாண்டி எதுவும் போகாது. இரண்டு மணி நேரத்தில் அவர் அமுக்காவிட்டால் நண்பனுக்கு வரும். அப்புறம் யோசித்து, நூல் ஆர்டருக்கும் ஷிப்மெண்ட் பேப்பருக்கும் முன்னால் இன்னும் இரண்டு வட்டம். பணம் போகிற இடம், திரும்ப எடுக்க முடியாத இடம்... அங்கே மட்டும் ஆள். மற்ற இடமெல்லாம் மெஷின்.

"அதனால யாரையாவது வேலையைவிட்டு அனுப்பினியா?" என்று நண்பனைத் தனியாகக் கேட்டேன். இளைஞர்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறவன் இதைக் கேட்காமல் வர முடியாது.

"டி.சி. எழுத நாலு பையன்க இருந்தாங்க. இப்ப ஒருத்தன். மூணு பேர்ல ரெண்டு பேர் மெர்ச்சண்டைசிங் கத்துக்கிட்டு இங்கேயே இருக்காங்க. ஒருத்தனுக்குப் பிடிக்கலை, காதர்பேட்டையில ஒரு கடைக்குப் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தினான். "புதுசா யாரையும் டி.சி. எழுத எடுக்கப்போறதில்லை. அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். சுவர் நோட்டீஸ்களில் டெய்லர், செக்கிங், கைமடி எல்லாம் பார்த்தேனே தவிர, 'டி.சி. எழுத ஆள் தேவை' என்று எங்கேயும் பார்க்கவில்லை.

* * *

சாயங்காலம் மாடிக்குப் போனபோது அந்தப் பெண்ணும் அப்புச்சியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு டீ, ஒரு பொட்டலம் வர்க்கி. அவளுக்கு ஒரு புதுக் கட்டம் போட ஆசை. ஒவ்வொரு டையிங்காரரும் 'நாளைக்கு' என்றால் உண்மையில் எத்தனை நாள் என்பதை அப்புச்சியிடம் கேட்டு வாங்கி, அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும். மொத்தம் பதினாலு டையிங். பதினொன்று சொல்லிவிட்டார்.

"மிச்சம் மூணையும் சொல்லுங்க அப்புச்சி."

"சொல்றனுங்க அம்மிணி... எல்லாத்தையும் எழுதிக் குடுத்துப்போட்டா அப்புறம் எனக்கு என்ன வேலை?"

"நீங்க இல்லாம எப்படி? வட்டத்துல நீங்கதானே இருக்கீங்க!"

"வட்டத்தை வரைஞ்சவரு அழிக்க மாட்டாருன்னு என்ன நிச்சயம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, "நான் இருக்கறவரை அழிய விடமாட்டேன் அப்புச்சி" என்றாள். அவளுக்கே சென்னையிலிருந்து ஒரு ஆஃபர் வந்திருப்பதாக நண்பன் என்னிடம் சொல்லியிருந்தான்.

அப்புச்சி வர்க்கியை டீயில் நனைத்தார்.

"தீவாளி போனஸ் வரட்டும். அப்புறம் ஒண்ணொண்ணாப் பார்க்கலாமுங்க."

'பார்க்கலாம்' என்றால் அப்புச்சிக்கு எத்தனை நாள் என்று அவளிடம் கேட்டேன். அதற்கு இன்னும் கட்டம் போடவில்லையாம்.